சிட்லபாக்கத்துல 1996-ல கட்டின வீடு: டோக்கன் குடுக்குறதுக்கு முன்னாடி யாரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறது?

மெப்ஸ்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். சிட்லபாக்கத்துல ஒரு தனி வீடு பாத்திருக்கோம். முக்கா கிரவுண்டு (1,800 சதுர அடி) மனை, கிழக்குப் பாத்த வாசல். கீழ ரெண்டு பெட்ரூம் 1996-ல கட்டினது. 2007-ல மேல ஒரு போர்ஷன் ஏத்தியிருக்காங்க, அதுல வாடகைக்கு ஆள் இருக்காங்க. ஓனர் வயசானவர், மகன்கூட இருக்க பெங்களூரு போறாராம்.

பத்திரம் பக்கம் கவலை இல்ல. தாய்ப்பத்திரத்துல ஆரம்பிச்சு வக்கீல் எல்லாம் பாத்துட்டார், வில்லங்கம் 30 வருஷத்துக்குப் போட்டாச்சு, பட்டா ஓனர் பேர்லயே இருக்கு. பேங்க்ல இருந்து வேல்யூவர் வந்தார், நாலு பக்கமும் போட்டோ எடுத்தார், முன்பக்கம் டேப் பிடிச்சார், கால் மணி நேரத்துல கிளம்பிட்டார். வாஸ்துக்கும் ஆள் வந்தாச்சு (அம்மா ஏற்பாடு, சமையலறை தென்கிழக்குல இருக்கறதால பாஸ்). கட்டடத்தை மட்டும் இன்னும் யாரும் பாக்கல.

வீடு முழுக்கப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க, வாசனைகூட இன்னும் போகல. ஹால்ல தெற்கு ஜன்னலோட மேல் மூலையில இருந்து கூரையைப் பாத்து சாய்வா ஒரு விரிசல் ஏறுது. பட்டி வெச்சு மூடியும் கோடு தெரியுது. கேட்டா, “அது வெறும் பூச்சு வெடிப்பு தம்பி”ங்கறார் ஓனர். மாடி பாத்ரூம் நேரா கீழ் பெட்ரூமுக்கு மேல வருது, அதுவும் உறுத்துது.

மாமனார், “எஞ்சினியருக்கு எதுக்கு தண்டச் செலவு? நம்ம மேஸ்திரியைக் கூட்டிட்டுப் போங்க மாப்ள, சுவரைத் தட்டியே சொல்லிடுவார்”ங்கறார். புரோக்கர் தனக்குத் தெரிஞ்ச எஞ்சினியர் ஒருத்தர் காசு வாங்காமயே வந்து பாப்பார்ங்கறார். நெட்ல தேடினா நூத்துக்கணக்கா பாயிண்ட் போட்டு செக்லிஸ்ட் வெச்சிருக்கற இன்ஸ்பெக்‌ஷன் கம்பெனிங்க வருது. ஒருத்தர் சுத்தியல் டெஸ்ட் (கான்கிரீட் மேல அடிச்சு பலம் பாக்கறது) எடுத்தாத்தான் ஆச்சுங்கறார்.

ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மணி நேரம் வீட்டை நிதானமா பாத்துக்கங்கன்னு ஓனர் சொல்லியிருக்கார். அடுத்த வெள்ளிக்குள்ள ரெண்டு லட்சம் டோக்கன் வேணுமாம், இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காம். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரைக் கூட்டிட்டுப் போறது? என்ன பாக்கச் சொல்றது?

நிலம்தான்_முக்கியம்:

ப்ரோ, தப்பா நினைக்காதீங்க. கிட்டத்தட்ட முப்பது வருஷ வீடு. நீங்க குடுக்கற காசுல முக்காவாசிக்கு மேல மண்ணுக்குத்தான். கட்டடத்துக்கு என்ன வரப்போவுது? சிட்லபாக்கத்துல ஸ்டேஷன் பக்கம் முக்கா கிரவுண்டு இனிமே கிடைக்காது. எஞ்சினியரைக் கூட்டிட்டுப் போய் நோண்டிக்கிட்டு நின்னா ஓனர் கடுப்பாகி இன்னொருத்தருக்குக் குடுத்துருவார். என் கண் முன்னாடியே நடந்திருக்கு. மனை அளவு, ரோடு அகலம், பத்திரம். இந்த மூணும் ஓகேன்னா டோக்கனைப் போடுங்க. விரிசல் இல்லாத வீடு எங்க இருக்கு?

ஈர_செங்கல்:

தம்பி, சைட்ல முப்பது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டினவன் நான். இப்போ ரிட்டயராயிட்டு, தெரிஞ்சவங்க கூப்பிட்டா பழைய வீடு பாத்துக் குடுக்கறேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல மேல இருக்கறவருக்கு. நிலத்துக்குத்தான் காசுன்னு அவர் சொல்றது பாதி சரி. மூணு வருஷத்துல இடிச்சுக் கட்டப் போறவருக்கு அது போதும். அவர் கட்டடத்துக்கு ஒரு ரூபாகூட விலை பேச வேண்டாம், இடிக்கற செலவைக்கூட விலையில கழிச்சுக் கேக்கலாம். ஆனா தம்பி அதுலயே குடியிருந்து, மேல் போர்ஷன் வாடகையை இ.எம்.ஐ.க்குக் கட்டலாம்னு நினைக்கறவர்னா கதையே வேற. இதுல நீங்க யாருன்னு முதல்ல தெளிவு பண்ணிக்கங்க. கூட வர்ற எஞ்சினியர் கேக்கற முதல் கேள்வியும் இதாத்தான் இருக்கணும். கேக்காம டார்ச்சை எடுத்துக்கிட்டு உள்ள போனா வேற ஆளைப் பாருங்க.

பேங்க் வேல்யூவர் உங்களுக்காக வந்தவர் இல்ல. நீங்க கடனைக் கட்டாம போனா இந்த இடத்தை வித்து பேங்க் காசை எடுக்க முடியுமான்னு பாக்க வந்தவர். மேல ஏத்தின போர்ஷன் அப்ரூவல் பிளான்ல இருக்கான்னு பாத்திருப்பார், அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்க, உபயோகப்படும். பாத்ரூம் ஒழுகறது அவர் வேலை இல்ல.

புரோக்கரோட எஞ்சினியர் வேண்டவே வேண்டாம். நல்லவராவே இருக்கட்டும். வியாபாரம் முடிஞ்சாத்தான் அவரைக் கூட்டிட்டு வந்தவருக்குக் காசு. நீங்க குடுக்கற ஐயாயிரமோ பத்தாயிரமோ, அந்த ஆள் உங்க பக்கம் நிக்கறதுக்கான கூலி.

மேஸ்திரியைப் பத்தி உங்க மாமனார் சொன்னதை நான் தள்ள மாட்டேன். பூச்சு, சுவர், தளம், தட்டோடு இதுல நல்ல மேஸ்திரி கண்ணுக்கு எஞ்சினியர் கண்ணு ஈடாகாது. கூட்டிட்டுப் போங்க. ஆனா அவர்கிட்ட எதைக் காட்டினாலும் “கொத்திட்டுப் பூசிடலாம் சார்”னுதான் வரும். அவர் தொழில் அது. ஏன் வந்துச்சுன்னு சொல்றதுக்கு எஞ்சினியர் வேணும். மாநகராட்சியிலயோ சி.எம்.டி.ஏ.லயோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பதிவு பண்ணின ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர், அதுலயும் பழைய வீட்டு ரிப்பேர் வேலை செஞ்சவரா பாருங்க. புதுக் கட்டடத்துக்கு டிசைன் மட்டும் போடறவர் நம்ம வேலைக்கு அவ்வளவா ஆக மாட்டார்.

இனி அந்த ஒரு மணி நேரம். ஹால்ல நின்னு சுவரைப் பாத்து நேரத்தை வீணாக்காதீங்க. அங்கதான் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்களே. விக்கறதுக்காக அடிக்கற பெயிண்ட் பரண் மேல ஏறாது. கதவில்லாத பரண்னா முகப்புல ஒரு கோட்டிங், உள்ள பழைய வெள்ளைதான். நீங்க சொன்ன அந்தக் கீழ் பெட்ரூம் பரண்ல ஏணி போட்டு ஏறி, தலையை உள்ள விட்டு, டார்ச்சை மேல நேரா அடிக்காம சீலிங்கை ஒட்டினாப்பல பக்கவாட்டுல அடிங்க. மேடு பள்ளம், பொருக்கு, ஈரம் காஞ்ச பழுப்பு வளையம், உப்புப் பூத்த வெள்ளைப் பொடி எல்லாம் நிழலோட எழும்பித் தெரியும். மாடி பாத்ரூம் அதுக்கு மேலதானே வருது? அந்த வீட்டோட ஜாதகமே அந்தப் பரண்லதான் இருக்கு. அப்புறம் சிங்க்குக்கு அடியில, மாடிப்படிக்கு அடியில, சன்ஷேடோட அடிப்பக்கம், மொட்டைமாடியில படிக்கட்டு முடியற ஹெட் ரூம் உள்பக்கம். இங்கயும் பெயிண்டர் கை போறது குறைவு.

சீலிங்கைக் குச்சியால தட்டுங்க. கெட்டியா இருந்தா ‘டங்’, கம்பி துருப்பிடிச்சு கவர் (கம்பியை மூடியிருக்கற கான்கிரீட்) கழண்டிருந்தா ‘டொப்’. இதை மேஸ்திரி உங்களைவிட நல்லா கேப்பார். இரும்பு துருவாகும்போது குறைஞ்சது ரெண்டு மடங்காவது ஊதும், சில துரு ஆறு மடங்கு வரைக்கும். அந்த ஊதல்தான் கான்கிரீட்டைக் கீழ தள்ளுது. 1996 வீட்டுல இதை ஏன் குறிப்பா பாக்கணும்னா, அப்போ பெரும்பாலும் முறுக்குக் கம்பிதான் போட்டோம். இப்போ போடற டி.எம்.டி. கம்பி பரவலா வந்தது அப்புறம். அந்த முறுக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அன்னிக்கு இருந்த 1978 கோடு புக்ல (கான்கிரீட் வேலைக்கான விதிப் புத்தகம்) ஸ்லாப்புக்குக் கவர் 15 மி.மீ. இருந்தா போதும், 2000-ல வந்த கோடுதான் 20 ஆக்கிச்சு. சைட்ல அந்த 15-ஐயும் ஒழுங்கா விட்டவங்க எத்தனை பேர்னு என்னைக் கேக்காதீங்க. உப்புத் தண்ணி போர்ல கான்கிரீட் கலக்கினதும் அந்தக் காலத்துல சர்வ சாதாரணம்.

அடுத்தது, ரொம்பப் பேர் பாக்கவே மாட்டாங்க. உங்க வீடு அனேகமா பில்லர் இல்லாத வீடு, ஒம்பது இஞ்சு சுவர்தான் கூரையைத் தாங்குது. மேல் போர்ஷனோட சுவர் ஒவ்வொண்ணும் கீழ் சுவர் மேலயே உக்காந்திருக்கான்னு பாக்கணும். டேப்பை எடுத்து, கீழ வெளிச்சுவர்ல இருந்து நடுச்சுவருக்கு எவ்வளவுன்னு குறிச்சுக்கங்க. மேல போய் அதே அளவைப் பிடிங்க. ரெண்டும் ஒத்து வந்தா நிம்மதி. மேல இருக்கற சுவர் நட்ட நடு ஸ்லாப்புல நின்னா, அதுக்கு அடியில பீம் குடுத்திருக்காங்களான்னு தேடணும்.

ஜன்னல் மூலை விரிசலுக்கு நாலு கேள்வி. சுவரோட வெளிப்பக்கமும் அதே இடத்துல இருக்கா? அடியில இருக்கற அகலமே மேலயும் இருக்கா, இல்ல போகப்போக விரியுதா? ஏ.டி.எம். கார்டு ஓரம் உள்ள போகுதா (கார்டோட தடிமன் முக்கா மில்லி)? அந்த ஜன்னல் கதவு இடிக்காம சாத்துதா? உள்பக்கம் மட்டும் மயிரிழையா இருந்தா பூச்சாவே இருக்கலாம், ஓனர் சொல்றது நிஜமாயிருக்கலாம். ரெண்டு பக்கமும் இருந்து, மேல விரிஞ்சு, கார்டும் நுழைஞ்சா அஸ்திவாரம் ஒரு ஓரத்துல இறங்குதோன்னு சந்தேகப்படணும். ஏரியை ஒட்டின மனையில களிமண் இருந்தா கோடையில சுருங்கும், மழையில உப்பும், சுவர் அதோடயே ஆடும்.

மொட்டைமாடியில தட்டோட்டு இடுக்கு திறந்திருக்கா, தண்ணி போற பைப் வாய்ல பாசி எவ்வளவு தூரத்துக்கு இருக்கு, கைப்பிடிச் சுவர்ல அரசங்கன்னு முளைச்சிருக்கா. இது பத்து நிமிஷ வேலை.

சுத்தியல் டெஸ்ட்டை முதல் நாளே யாரும் எடுக்கத் தேவையில்ல. பூச்சு மேல வெச்சு அடிச்சு ஒரு நம்பர் குடுத்துட்டுப் போறவங்களை நான் பாத்திருக்கேன், அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. பூச்சைக் கொத்தி எடுத்துட்டு கான்கிரீட் மேல அடிக்கணும். அப்படி அடிச்சாலும், பழைய கான்கிரீட்டோட மேல்தோல் காத்துல இருக்கற கரியமில வாயுவால இறுகிப் போய் இருக்கும், ரீடிங் நல்லாவே காட்டும். உள்ள கம்பிக்கு அந்த வாயுவே எமன். ஆக டெஸ்ட் எங்க எடுக்கணும், எடுக்கவே வேணுமான்னு சொல்றதுக்குத்தான் இந்த ஒரு மணி நேரப் பார்வை.

கோமதி_ராஜகீழ்ப்பாக்கம்:

செங்கல் சார் பரணைப் பத்தி எழுதினதுக்கு நான் சாட்சி. ராஜகீழ்ப்பாக்கத்துல நாங்க வாங்கின வீட்டுக்கும் எஞ்சினியர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனோம். மனுஷன் ஹால்ல ரெண்டு நிமிஷம்கூட நிக்கல, நேரா பழைய பாத்திரம் அடுக்கி வெச்சிருந்த பரண்லதான் ஏறினார். மேல் பாத்ரூம் தளம் ஒழுகி, அண்டாவுக்குள்ள கான்கிரீட் பொருக்கு விழுந்து கிடந்துச்சு. வீட்டுக்கார அம்மாவுக்கே தெரியல பாவம். பாத்ரூம் தரையை மொத்தமா உடைச்சுப் போட்டுத் திரும்பப் போடற செலவை எழுத்துல குடுத்தார். அதைக் காட்டித்தான் விலையைக் குறைச்சோம். அவங்களும் சண்டை போடல. எஸ்டிமேட்டுன்னு ஒரு பேப்பர் இருந்தா பேச்சு மரியாதையா போகுது, வாயால “ஒழுகுதுங்க”ன்னு சொன்னா “எந்த வீட்லதான் ஒழுகல”ன்னு வரும்.

தம்பி, நீங்க பாத்திருக்கற ஊர் சிட்லபாக்கம். 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. கொட்டினப்போ ஏரி நிரம்பி தெருவுக்குள்ள வந்த ஊர். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இல்ல, அதனால உங்க தெருவுக்கு விசாரிங்க. ஓனரையும் புரோக்கரையும் கேக்காதீங்க. தெருமுனை இஸ்திரிக்காரர், கேன் தண்ணி போடற பையன், எதிர் வீட்டுப் பாட்டி. இந்த மூணு பேரும் மறைக்க மாட்டாங்க. வீட்டுக்குள்ளயும் தடயம் இருக்கும். கதவோட அடிப்பக்கத்தைக் குனிஞ்சு பாருங்க. பழைய மொசைக் தரை மேலயே டைல்ஸ் போட்டு உசத்தியிருந்தா கதவை அடியில அறுத்திருப்பாங்க, அறுத்த இடத்துல பாலிஷ் இருக்காது. பிளக் பாயிண்டெல்லாம் இடுப்பு உசரத்துக்கு மேல ஏத்தியிருந்தா ஏன்னு கேளுங்க. பீரோ காலுக்கு அடியில செங்கல் வெச்சிருந்தா கேக்கவே வேணாம்.

ரோடு மட்டமும் பாக்கணும். ரோடு மேல ரோடா போட்டுப் போட்டு நம்ம பக்கம் பாதி வீடு பள்ளத்துல இருக்கு. கண்ணால பாத்தா ஏமாத்தும். மேஸ்திரிகிட்ட டியூப் லெவல் (தண்ணி நிரப்பின டியூப்) இருக்கும். ஒரு முனையை ரோட்டு நடுவுலயும் ஒரு முனையை ஹால்லயும் பிடிச்சா தண்ணியே சொல்லிடும்.

வயரிங்_வாசு:

ஒரு எலக்ட்ரீஷியனையும் கூட்டிட்டுப் போங்க தலைவா. 1996 வயரிங் மேல 2007 வயரிங், அதுக்கு மேல ஏ.சி. ரெண்டு. பழைய ஃபியூஸ் கேரியர் போர்டா இருந்தா மொத்தமா மாத்தற செலவைக் கணக்குல வெச்சுக்கங்க. ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்) இருந்தா ஓனர்கிட்ட சொல்லிட்டு அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. விழணும். விழலைன்னா அது சும்மா சுவர்ல தொங்கற பொம்மை. எர்த் குழி எங்கன்னு கேளுங்க, நிறைய பேருக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது, டைல்ஸ் போட்டு மூடியிருப்பாங்க. மேல் போர்ஷனுக்குத் தனி மீட்டரா, ஒரே மீட்டரான்னும் பாத்துடுங்க, பின்னாடி வாடகைக்காரங்களோட தகராறு வர்ற இடம் அது.

மெப்ஸ்காரன்:

ரொம்ப நன்றி செங்கல் சார், கோமதி அக்கா, வாசு அண்ணா. நாங்க இடிக்கப் போறதில்ல, குறைஞ்சது பத்து வருஷம் குடியிருக்கத்தான் வாங்கறோம். ஆபீஸ்ல ஒருத்தர் மூலமா பதிவு பண்ணின ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருத்தர் கிடைச்சார். மாமனார் மனசு கோணக் கூடாதுன்னு மேஸ்திரியும் வந்தார். ரெண்டு பேரும் வந்த பத்து நிமிஷத்துல கூட்டாளி ஆயிட்டாங்க. வாசு அண்ணா, பட்டன் அமுக்கினோம், விழுந்துச்சு.

ஜன்னல் விரிசல் வெளிப்பக்கமும் இருக்கு, ஆனா மயிரிழைதான், கார்டு போகல. மாடியில அதே இடத்துல ஒண்ணும் இல்ல. ஜன்னலும் நல்லா சாத்துது. பென்சில்ல ரெண்டு முனையிலயும் கோடு போட்டுத் தேதி எழுதிட்டு வந்திருக்கார் எஞ்சினியர், ஓனர் முகம் சுருங்கிப் போச்சு.

பரண்தான் காலை வாரிடுச்சு. பாத்ரூமுக்கு நேர் கீழ ரெண்டு முழ அகலத்துக்குப் பழுப்பு வளையம், நடுவுல தட்டினா டொப் டொப். மேஸ்திரி விரல்ல சுரண்டினார், ஒரு சில்லு கையோட வந்துச்சு, உள்ள கம்பி செம்மண் கலர்ல இருக்கு.

அடுத்தது அந்த டேப் வேலை. மேல் போர்ஷன்ல ஹாலையும் கிச்சனையும் பிரிக்கற சுவர், கீழ் சுவர்ல இருந்து ரெண்டு அடி தள்ளி நிக்குது. நாலரை இஞ்சு சுவர். அடியில பீம் எதுவும் கண்ணுக்குத் தெரியல. ஸ்லாப் தொங்கின மாதிரியும் தெரியல.

கதவுங்க எல்லாம் அடியில அறுத்திருக்கு அக்கா. ஹால் தரை ரோட்டைவிட நாலு இஞ்சு பள்ளம். “வாசப்படி வரைக்கும்தான் தண்ணி வந்துச்சு”ன்னு ஓனர் சொன்னார், இஸ்திரிக்காரர் அந்த வீட்டு ஹாலுக்குள்ளயே முழங்கால் வரைக்கும் தண்ணி நின்னதுன்னு சொல்றார்.

எஞ்சினியர் ரிப்போர்ட் புதன்கிழமை தருவார். அதுக்குள்ள புரோக்கர் போன் மேல போன். இப்போ சுத்தியல் டெஸ்ட் எடுக்கலாமா? டோக்கனை என்ன பண்றது? இல்ல, விட்டுட்டு வேற வீடு பாக்கலாமா?

நிலம்தான்_முக்கியம்:

நான்தான் சொன்னேனே, நோண்டினா ஏதாவது வரும்னு 😄 சரி, வந்ததை வெச்சு விலையைக் குறைங்க. ஆனா முழங்கால் தண்ணின்னா எனக்கே யோசனையா இருக்கு.

ஈர_செங்கல்:

தம்பி, பாத்தது எல்லாத்தையும் ஒரே தராசுல போடாதீங்க.

விரிசலை விடுங்க. பென்சில் கோடு போட்டாச்சு, ரிஜிஸ்ட்ரேஷனுக்குள்ள கோட்டைத் தாண்டலைன்னா அது பழைய சமாச்சாரம்.

பரண் காசுல முடியற வேலை. மேல் பாத்ரூம் தரையை உடைச்சு, பைப்பை மாத்தி, வாட்டர் ப்ரூஃபிங் பண்ணி, கீழ துருவைச் சுரண்டி எடுத்துட்டு மருந்து கலவை பூசணும். வரிசை முக்கியம். மேல ஒழுகறதை நிறுத்தாம கீழ மட்டும் பூசினா அடுத்த ஐப்பசியில திரும்ப அதே வளையம் வரும். கம்பி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாக்க அந்த ஒரு இடத்துல மட்டும் கொத்திப் பாக்கணும். கால் பாகத்துக்கு மேல போயிருந்தா, கூடுதலா கம்பி வெச்சுக் கட்டற வேலையாயிடும்.

எனக்கு உறுத்தறது அந்த ரெண்டு அடி தள்ளின சுவர். நாலரை இஞ்சுங்கறதால பாரம் குறைச்சல், 2007-ல இருந்து தொங்காம நிக்குதுங்கறதும் நல்ல அறிகுறிதான். ஆனா இங்க உக்காந்து நான் சரின்னு சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. டெஸ்ட்டுக்குக் காசு செலவு பண்றதா இருந்தா இங்க பண்ணுங்க. சுத்தியலுக்கு முன்னாடி கம்பி கண்டுபிடிக்கற மீட்டர் வேணும். அந்தச் சுவருக்கு நேர் கீழ கம்பி நெருக்கமா ஓடுதா, ஸ்லாப்புக்குள்ளயே மறைவா பீம் குடுத்திருக்காங்களான்னு அது காட்டிடும். அரை நாள் வேலை, உடைக்கத் தேவையில்ல. அதுக்கப்புறமும் சந்தேகம் இருந்தா அல்ட்ராசானிக் பாக்கலாம். கான்கிரீட்டுக்குள்ள ஒலி வேகமா ஓடினா நல்லா இருக்குன்னு எடுத்துக்குவோம், மெதுவா ஓடினா யோசிக்கணும். உங்க எஞ்சினியர் இதையெல்லாம் ரிப்போர்ட்ல தானே எழுதலைன்னா கேளுங்க.

தண்ணிக்கு மட்டும் என்கிட்ட மருந்து இல்ல. கட்டடத்தை ரிப்பேர் பண்ணலாம், தெருவை உங்களால உசத்த முடியாது. ஜாக்கி வெச்சு வீட்டைத் தூக்கறாங்க, நம்ம ஊர்லயே நிறைய நடக்குது. ஆனா மேல சுவர் தள்ளி நிக்கற வீட்டை, அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம தூக்க நான் ஒத்துக்க மாட்டேன். ஏரியில கரை, மதகு வேலை நடந்திருக்கு, 2015 மாதிரியே திரும்ப வரும்னும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் புயல் மழைக்கு அந்த ஹாலுக்குள்ள தண்ணி வந்துச்சான்னு அதே இஸ்திரிக்காரர்கிட்ட இன்னொரு தடவை கேளுங்க. அன்னிக்கும் உள்ள வந்திருந்தா, வீட்ல பெரியவங்க இருக்காங்க, எனக்குன்னா வேண்டாம். வரலைன்னா பேசலாம்.

டோக்கனுக்கு வெள்ளிக்கிழமைங்கறது புரோக்கர் வெச்ச கெடு. உங்களுக்குப் பத்திரத்துக்கே அரசு கணக்குல ஒம்பது சதவீதம் போகப் போகுது, ரெண்டு லட்சத்துக்கு அவசரப்படாதீங்க. குடுத்தே ஆகணும்னா ஐம்பதாயிரத்துக்கு மேல வேண்டாம், செக்காவோ பேங்க் மூலமாவோ குடுங்க. ரசீதுல ஒரு வரி எழுதி ஓனர்கிட்ட கையெழுத்து வாங்குங்க: கட்டட ஆய்வு முடியற வரைக்கும் இத்தனை நாள் டைம், அதுல வாங்க வேணாம்னு தோணினா பணம் முழுசா திரும்ப வரணும். வாசகத்தை உங்க வக்கீல் சரி பண்ணித் தருவார். புது ஃபிளாட்டா இருந்தா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்துல அஞ்சு வருஷத்துக்குக் கட்டடக் குறையை பில்டர் தலையில கட்டலாம். பழைய தனி வீட்டுல கையெழுத்துப் போட்ட மறு நிமிஷமே எல்லாம் உங்க தலையில.

இன்னொண்ணு, மேல குடியிருக்கறவங்க காலி பண்ற தேதி அக்ரிமென்ட்ல இருக்கணும். அவங்க உள்ள இருக்கறப்போ அந்த பாத்ரூம் தரையை உடைக்க முடியாது. நீங்க கீழ குடி வந்த பிறகு உடைச்சா அத்தனை சிமெண்டுத் தூசியும் உங்க பெட்ரூம்லதான் வந்து இறங்கும்.